செமிகோலன் போட்டும் ஏன் திரையில் வருகிறது? மேட்லேப் ஃபங்ஷன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

"கடைசியில செமிகோலன் போட்டுட்டேன், அப்படியும் ஸ்கிரீன்ல ஏதேதோ வருது." கணக்குப் போடும் மென்பொருளும் புரோகிராம் மொழியுமான மேட்லேப்பைப் பழகத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: "ஃபங்ஷன் விடையை நல்லாத்தான் காட்டுது, ஆனா அந்த விடையை ஒரு வேரியபிள்ல எடுத்து வைக்கப் போனா எரர் வருது." (வேரியபிள் என்பது ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்.) இரண்டும் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல், "எல்லா வரிக்கும் செமிகோலன் போடு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அறிவுரை சரிதான். ஆனால் காரணம் தெரியாமல் பின்பற்றினால், அது வேலை செய்யாத இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும்.

இங்கே சொல்வது மேட்லேப்புக்கும், அதே மொழியைப் பெரும்பாலும் பின்பற்றும் இலவச மென்பொருளான ஆக்டேவுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், உதாரணங்களில் வேரியபிள் பெயர்களும் தமிழில்தான் இருக்கும். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். முடிவு இரண்டு விதமாக உங்களிடம் வந்து சேரலாம். ஒன்று, அச்சடித்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பார்கள். இன்னொன்று, கவுன்டரில் இருப்பவர் "உங்களுக்குச் சர்க்கரை 110" என்று வாயால் சொல்லிவிடுவார். எண் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்ட ரிப்போர்ட் வேண்டும், காதில் விழுந்த சத்தத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்க முடியாது.

ஃபங்ஷன் என்பது அந்த நிலையம் மாதிரி. உள்ளே சில மதிப்புகளை வாங்கி, ஒரு வேலையைச் செய்து, முடிவைத் தரும் கட்டளைத் தொகுப்பு. அது முடிவை ரிப்போர்ட்டாகக் கையில் கொடுத்தால் அதற்கு ரிட்டர்ன், அதாவது திருப்பித் தருவது, என்று பெயர். அந்த மதிப்பை வேறொரு வேரியபிளில் சேமிக்கலாம், அடுத்த கணக்கில் போடலாம். முடிவைத் திரையில் மட்டும் எழுதிக்காட்டினால் அது டிஸ்ப்ளே. அதைக் கண்ணால் பார்க்கலாம், அதோடு சரி, புரோகிராமின் மற்ற பகுதிகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஒரே ஃபங்ஷன் இரண்டையும் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யலாம், இரண்டையும் செய்யாமலும் இருக்கலாம். செமிகோலன் தொடுவது டிஸ்ப்ளேயை மட்டும்தான், அதிலும் ஒரு சின்னப் பகுதியை.

ஒற்றை வரியிலிருந்து தொடங்குவோம்

ஃபங்ஷனை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். கமாண்ட் விண்டோவில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில்,

எக்ஸ் = 5

என்று தட்டி என்டர் அழுத்தினால், எக்ஸ் என்ற வேரியபிளில் 5 சேமிக்கப்படும், கூடவே "எக்ஸ் = 5" என்று திரையிலும் வரும்.

எக்ஸ் = 5;

என்று செமிகோலனோடு தட்டினால் சேமிப்பு அப்படியே நடக்கும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. கணக்கு நிற்கவில்லை, மதிப்பு மாறவில்லை. அந்த வரியின் முடிவைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். ஒரே வரியில் பல கட்டளைகளைக் காற்புள்ளியால் பிரித்தால் ஒவ்வொன்றும் முடிவைக் காட்டும், செமிகோலனால் பிரித்தால் காட்டாது. (சதுர அடைப்புக்குள் வரும் செமிகோலன் வேறு வேலை செய்கிறது, அது மேட்ரிக்ஸில், அதாவது எண்களின் அட்டவணையில், அடுத்த வரிசையைத் தொடங்குவதற்கு.)

முடிவுக்கு நீங்கள் பெயரே வைக்காமல் வெறுமனே 3 + 4 என்று தட்டினால்? மேட்லேப் அதை ஆன்ஸ் என்ற பொது வேரியபிளில் போட்டு, "ஆன்ஸ் = 7" என்று காட்டும். செமிகோலன் போட்டாலும் ஆன்ஸில் 7 போய் உட்காரும், திரையில் மட்டும் தெரியாது.

கேட்காமலேயே காட்டும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வரலாற்றில் விடை கிடைக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லின்பேக், ஐஸ்பேக் என்ற மேட்ரிக்ஸ் கணக்குத் தொகுப்புகளை மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற மொழியில் புரோகிராம் எழுதாமலே பயன்படுத்த வேண்டும் என்று அவர் செய்ததுதான் முதல் மேட்லேப். அப்போது அது ஒரு மேட்ரிக்ஸ் கால்குலேட்டர். கணக்கைத் தட்டு, விடையைப் பார். கால்குலேட்டர் விடையைக் காட்டாமல் இருந்தால் அதை வைத்து என்ன செய்ய? 1984-ல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, அது வணிகப் பொருளாகி, ஆயிரக்கணக்கான வரிகளில் புரோகிராம் எழுதும் மொழியாக வளர்ந்துவிட்டது. கால்குலேட்டர் காலத்துப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

சரி, இதுவரை: செமிகோலன் இல்லாத வரி தன் முடிவைத் திரையில் காட்டும், இருந்தால் காட்டாது. எப்படியிருந்தாலும் கணக்கு நடக்கும்.

ஃபங்ஷனுக்குள்ளும் இதே விதிதான்

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இன்னும் அதிர்ச்சி. பைத்தானில் நேரடியாகத் தட்டும் இடத்தில்தான் விடை தானாக வரும், ஃபங்ஷனுக்குள் இருக்கும் வரிகள் பிரிண்ட் என்று சொன்னால் ஒழிய வாய் திறக்காது. மேட்லேப்பில் அப்படி இல்லை. ஃபங்ஷனுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், செமிகோலன் இல்லாத ஒவ்வொரு வரியும் திரையில் எழுதும்.

இந்த ஃபங்ஷனைப் பாருங்கள்:

ஃபங்ஷன் விடை = பரப்பு(நீளம், அகலம்)
விடை = நீளம் * அகலம்
எண்ட்

இரண்டாம் வரியில் செமிகோலன் இல்லை. இப்போது கமாண்ட் விண்டோவில் பரப்பு(3, 4) என்று தட்டினால் திரையில் இரண்டு செய்திகள் வரும். முதலில் "விடை = 12", அடுத்து "ஆன்ஸ் = 12". ஃபங்ஷன் இரண்டு தடவை ஓடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முதல் செய்தியை எழுதியது ஃபங்ஷனுக்குள் இருக்கும் வரி. இரண்டாவதை எழுதியது நீங்கள் வெளியே தட்டிய வரி. அது ஃபங்ஷன் திருப்பித் தந்த 12-ஐ வாங்கி, பெயர் இல்லாததால் ஆன்ஸில் போட்டு, காட்டியது.

இப்போது பரப்பு(3, 4); என்று தட்டுங்கள். "ஆன்ஸ் = 12" போய்விடும். "விடை = 12" அப்படியே நிற்கும். உங்கள் செமிகோலன் உங்கள் வரியை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பரிசோதனை நிலையத்தின் கவுன்டரில் "என் ரிப்போர்ட்டைச் சத்தமாகப் படிக்காதீர்கள்" என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் பணியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அது நிறுத்தாது. அதை நிறுத்த உள்ளே போக வேண்டும், அதாவது ஃபங்ஷன் கோப்பைத் திறந்து, அந்த வரியின் முடிவில் செமிகோலன் போட வேண்டும்.

லூப்புக்குள், அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதிக்குள், இப்படி ஒரு வரியில் செமிகோலன் விடுபட்டால் நிலைமை மோசம். பத்தாயிரம் முறை சுற்றும் லூப் என்றால் பத்தாயிரம் முறை திரையில் எழுதும், திரையில் எழுதுவது கணக்குப் போடுவதைவிட மிக மெதுவான வேலை. "என் புரோகிராம் ஆமை வேகத்தில் போகிறது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஓடும்போது திரையில் ஏதாவது கொட்டுகிறதா என்பதைத்தான்.

வேண்டுமென்றே காட்டுவது

சில வேளை ஃபங்ஷன் பேசத்தான் வேண்டும். அதற்குச் செமிகோலனை விட்டுவிடுவது நல்ல வழி இல்லை, காட்டுவதற்கென்றே கட்டளைகள் உண்டு. டிஸ்ப் என்பது மதிப்பை மட்டும், வேரியபிள் பெயர் இல்லாமல் காட்டும். எஃப்பிரிண்ட்எஃப் என்பது நீங்கள் சொல்லும் வாக்கிய வடிவத்தில், சொல்லும் தசம இடங்களோடு காட்டும், ஆனால் அடுத்த வரிக்குப் போ என்பதையும் நீங்களேதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த செய்தி அதே வரியில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டின் முடிவிலும் செமிகோலன் போட்டாலும் போடாவிட்டாலும் காட்டத்தான் செய்யும், ஏனென்றால் காட்டுவதே அவற்றின் வேலை, மறைப்பதற்கு வேறு முடிவு எதுவும் அங்கே இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கல்லூரி நோட்டுகளில் இந்த மாதிரி ஃபங்ஷன்கள் நிறைய:

ஃபங்ஷன் பரப்பு(நீளம், அகலம்)
டிஸ்ப்(நீளம் * அகலம்)
எண்ட்

ஓட்டினால் 12 என்று வரும், மாணவருக்குத் திருப்தி. அடுத்த நாள் மொத்தச் செலவைக் கணக்கிட செலவு = பரப்பு(3, 4) * 50 என்று எழுதுவார், மேட்லேப் "டூ மெனி அவுட்புட் ஆர்க்யுமென்ட்ஸ்" என்று எரர் தரும். ஃபங்ஷன் 12 என்று வாயால் சொன்னதே தவிர, ரிப்போர்ட் எதையும் கையில் கொடுக்கவில்லை. முதல் வரியில் "விடை =" என்ற பகுதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேட்லேப் சொல்வது இதுதான்: நீங்கள் ஒரு மதிப்பைக் கேட்கிறீர்கள், இந்த ஃபங்ஷன் எதையும் தருவதாக அறிவிக்கவில்லை.

என் கருத்தில், கணக்குப் போடும் ஃபங்ஷன் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பித் தர வேண்டும், எப்படிக் காட்டுவது என்பதை அழைத்தவரிடம் விட்டுவிட வேண்டும். கணக்கும் காட்சியும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால் அந்த ஃபங்ஷனை வேறு எங்கும் எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போகிறது, இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நல்ல கணக்கெல்லாம் இப்படி வீணாகிக் கிடக்கிறது.

சுருக்கமாக, இதுவரை திரையில் செய்தி வர மூன்று வழிகள் பார்த்தோம்: உள்ளே செமிகோலன் விடுபட்ட வரி, டிஸ்ப் போன்ற கட்டளை, வெளியே செமிகோலன் இல்லாமல் அழைத்த வரி. உங்கள் செமிகோலன் தடுப்பது மூன்றாவதை மட்டும்.

கேட்டவர் கையை நீட்டினாரா? நார்க்அவுட்

மேட்லேப்போடு வரும் சில ஃபங்ஷன்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதைக் கவனித்திருப்பீர்கள். நேரம் அளக்கும் டிக், டாக் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். டிக் தொடங்கிவைக்கும், டாக் கழிந்த நேரத்தைச் சொல்லும். வெறுமனே டாக் என்று தட்டினால், இத்தனை வினாடி ஆயிற்று என்று ஒரு வாக்கியம் வரும். டாக்; என்று செமிகோலன் போட்டாலும் வாக்கியம் வரும். ஆனால் நேரம் = டாக்; என்று எழுதினால் திரையில் ஒன்றும் வராது, எண் மட்டும் நேரம் என்ற வேரியபிளில் போய்விடும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் போடே. வெறுமனே அழைத்தால் வரைபடம் வரும். விடைகளை வேரியபிள்களில் வாங்கினால் எண்கள் வரும், வரைபடம் வராது. "நேத்து பிளாட் வந்துச்சு, இன்னைக்கு வரலை" என்று புலம்புபவரின் வரியைப் பார்த்தால், இடப்பக்கம் ஒரு சமக்குறி புதிதாக முளைத்திருக்கும். ஸ்டெப் ஃபங்ஷனும் இப்படியே.

இவை எப்படித் தெரிந்துகொள்கின்றன? ஃபங்ஷனுக்குள் நார்க்அவுட் என்று ஒன்று கிடைக்கும். அழைத்தவர் எத்தனை விடைகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறார் என்ற எண்ணிக்கை அது. தனி வரியாக, எதிலும் சேமிக்காமல் அழைத்தால் 0. ஒரு வேரியபிளில் வாங்கினால் 1. இன்னொரு கணக்குக்கு நடுவில் பயன்படுத்தினாலும் 1. அந்த எண்ணைப் பார்த்து ஃபங்ஷன் முடிவெடுக்கலாம்:

ஃபங்ஷன் விடை = பரப்பு(நீளம், அகலம்)
கணக்கு = நீளம் * அகலம்;
இஃப் நார்க்அவுட் == 0
டிஸ்ப்(கணக்கு)
எல்ஸ்
விடை = கணக்கு;
எண்ட்
எண்ட்

ரிப்போர்ட் வாங்க யாரும் கை நீட்டவில்லை என்றால் வாயால் சொல்லிவிடு, நீட்டியிருந்தால் பேசாமல் கையில் கொடு. நார்க்அவுட் 0 என்னும்போது விடை என்ற வேரியபிளுக்கு நாம் மதிப்பே தரவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் "ஆன்ஸ் = 12" என்ற இரண்டாவது செய்தி வருவதில்லை. கேட்காத இடத்தில் விடை கொடுக்காமல் இருப்பது எரர் ஆகாது. கேட்ட இடத்தில் கொடுக்காவிட்டால்தான் எரர்.

இதில் ஒரு விலையும் உண்டு. வெறுமனே அழைத்தபோது ஆன்ஸில் எதுவும் போய் உட்காராது, பழைய மதிப்பு இருந்தால் அதுவே இருக்கும். அழைத்துவிட்டு அடுத்த வரியில் ஆன்ஸ் * 2 என்று தட்டும் பழக்கமுள்ளவர்களுக்குத் தவறான விடை கிடைக்கும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல். அதனால் சாதாரணக் கணக்கு ஃபங்ஷனுக்கு இந்த வித்தை தேவையில்லை என்பேன். வரைபடம், அட்டவணை, நீளமான விளக்கம் என்று காட்டுவதற்கே தனி வடிவம் உள்ள இடங்களில் பயன்படுத்துங்கள்.

பல விடைகள் தரும் ஃபங்ஷன்களிலும் இதே எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. மேக்ஸ் ஃபங்ஷனை வெறுமனே அழைத்தால் மிகப் பெரிய மதிப்பு மட்டும் தெரியும். சதுர அடைப்புக்குள் இரண்டு பெயர்கள் கொடுத்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் கிடைக்கும். இடம் மட்டும் போதும் என்றால் முதல் பெயருக்குப் பதில் ~ குறியைப் போடலாம்.

பேசலாமா என்று கேட்டு வைப்பது

நீண்ட நேரம் ஓடும் கணக்குகளில் நிலைமை வேறு. அரை மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஓடுகிறதா, மாட்டிக்கொண்டதா என்று தெரியாது. எல்லாவற்றையும் சொன்னால் தலை வலிக்கும். மிகச் சிறிய மதிப்பைத் தேடும் எஃப்மின்சர்ச், விடை பூஜ்யமாகும் இடத்தைத் தேடும் எஃப்ஸீரோ போன்றவை இதற்கு டிஸ்ப்ளே என்ற ஆப்ஷனை வைத்திருக்கின்றன. ஆப்ஷன்களை அமைக்கும் ஆப்டிம்செட் மூலம் அதற்கு "ஆஃப்" என்று கொடுத்தால் மௌனம், "இட்டர்" என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி, "ஃபைனல்" என்றால் கடைசி முடிவு மட்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் "நோட்டிஃபை", அதாவது விடைக்குப் போய்ச் சேர முடியாதபோது மட்டும் வாய் திறக்கும். வேலை சரியாக நடக்கும்போது அமைதி, தவறும்போது பேச்சு. உங்கள் பெரிய ஃபங்ஷன்களுக்கும் இதே மாதிரி ஓர் உள்ளீடு வைத்து, அது சொன்னால் மட்டும் எஃப்பிரிண்ட்எஃப் ஓடும்படி ஓர் இஃப் போட்டுவிடுங்கள்.

காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும்

திரையில் தெரிவது மதிப்பின் தோற்றம் மட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 0.1 + 0.2 என்று தட்டினால் 0.3000 என்று காட்டும். அது 0.3-க்குச் சமமா என்று == போட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லும். 0.3-ஐக் கழித்துப் பார்த்தால் சுமார் 5.55 × 10⁻¹⁷ மிச்சம் நிற்கும். மேட்லேப் வழக்கமாகத் தசமத்துக்குப் பின் 4 இடங்களையே காட்டுகிறது, உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கிறது. ஃபார்மட் லாங் என்று தட்டினால் பை 3.141592653589793 என்று வரும், ஃபார்மட் ஷார்ட் என்றால் 3.1416. பையின் மதிப்பு இரண்டு முறையும் ஒன்றுதான்.

1500, 2.3 என்ற இரண்டு எண்கள் உள்ள மேட்ரிக்ஸை மேட்லேப் காட்டும்போது, மேலே "1.0இ+03 *" என்று போட்டு, கீழே 1.5000, 0.0023 என்று எழுதும். 2.3 எங்கே போயிற்று என்று பதற வேண்டாம், கீழே உள்ள எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கிப் படிக்க வேண்டும். ஃபார்மட் ஷார்ட்ஜி என்று மாற்றினால் இந்தத் தொல்லை போய்விடும். ஆனால் ஃபார்மட் கட்டளையை ஃபங்ஷனுக்குள் எழுதாதீர்கள், ஃபங்ஷன் முடிந்த பிறகும் அந்த மாற்றம் மொத்த மேட்லேப்புக்கும் நீடிக்கும், பயன்படுத்துபவருக்கு ஏன் தன் எண்கள் திடீரென்று நீண்டன என்று விளங்காது. தோற்றம் முக்கியம் என்றால் எஃப்பிரிண்ட்எஃப் இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது

பெரிய புரோகிராமில் எந்த வரி பேசுகிறது என்று தேட வேண்டுமானால், திரையில் வரும் செய்தியே துப்பு. "விடை = 12" என்று பெயரோடு வந்தால் எங்கோ செமிகோலன் விடுபட்டிருக்கிறது, அந்தப் பெயரைக் கோப்புகளில் தேடுங்கள். பெயர் இல்லாமல் மதிப்போ வாக்கியமோ வந்தால் டிஸ்ப் அல்லது எஃப்பிரிண்ட்எஃப்பைத் தேடுங்கள். "ஆன்ஸ் =" என்று வந்தால் எங்கோ ஒரு ஃபங்ஷனையோ கணக்கையோ எதிலும் வாங்காமல் விட்டிருக்கிறீர்கள். மேட்லேப்பின் எடிட்டரும் செமிகோலன் விடுபட்ட இடங்களை அடிக்கோடிட்டுக் காட்டும், அந்தக் கோடுகளை அலட்சியம் செய்யாதீர்கள்.

பேசும் ஃபங்ஷன் பிறர் எழுதியது, திருத்தவும் முடியாது என்றால் கடைசி வழியாக இவேல்சி இருக்கிறது. ஒரு கட்டளையை எழுத்துச் சரமாக அதனிடம் கொடுத்தால், அது அந்தக் கட்டளையை ஓட்டி, திரைக்குப் போக வேண்டிய எழுத்தையெல்லாம் பிடித்து ஒரு வேரியபிளில் தந்துவிடும், திரை சுத்தமாக இருக்கும். ஆனால் மேற்கோள் குறிக்குள் கட்டளையை எழுதுவதால் அதில் உள்ள பிழைகளை எடிட்டர் கண்டுபிடிக்காது, புரோகிராமும் மெதுவாகும். ஃபங்ஷன் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது என்றால் இவேல்சி பக்கமே போகாதீர்கள், கோப்பைத் திறந்து அந்த ஒரு செமிகோலனைப் போட்டுவிடுங்கள்.